ராம.சுப. வீட்டுப் பெண்ணுக்குத் தைவான் விசா

சீன மொழி படிக்கத் தைவான் போகிறேன் என்றால் எங்கள் பக்கம் வரும் முதல் கேள்வி, "தாய்லாந்தா?" அடுத்த கேள்வி, "சைனீஸ்தானே, அப்ப சைனாவுக்கே போகலாமே?" முதல் கேள்விக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. இரண்டாவது நியாயமான கேள்வி. நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். இப்போது பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வந்துவிட்டது, செப்டம்பர் வகுப்புக்குக் கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து சிலர் விவரம் கேட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருப்பதைவிட இங்கே எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சென்னைப் பக்கம் ஒரகடத்தில் வேலை. தைவான்காரர்கள் நடத்தும் உதிரிபாகத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவு. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் ஆங்கிலத்தில்தான் வரும். ஆனால் அதில் ஒரு தகராறு என்றால் பேச்சு உடனே லைன் என்ற, வாட்ஸ்அப் மாதிரியான செயலிக்குத் தாவி முழுக்கச் சீனத்தில் ஓடும். ஒரு டெபிட் நோட் (நம் கணக்கில் பற்று வைக்கும் சீட்டு) எதற்காகப் போட்டார்கள் என்று தெரிந்துகொள்ள, மொழிபெயர்ப்பாளர் சாப்பிட்டுவிட்டு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த எரிச்சலில் வந்த ஆசைதான் இது. சின்ன வயதிலிருந்தே சீனப் பண்பாட்டின் மேல் மோகம் என்றெல்லாம் ஒன்றும் கிடையாது.

சரி, சைனா கதை. அங்கே மொழி படிக்கப் போகிறவர்களுக்கு இரண்டு வகை விசா. 180 நாளுக்குள் என்றால் எக்ஸ்2, அதற்கு மேல் என்றால் எக்ஸ்1. இரண்டுக்கும் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம் வேண்டும். எக்ஸ்1க்கு அதோடு ஜேடபிள்யூ202 என்ற படிவமும் வேண்டும். அதைப் பல்கலைக்கழகம்தான் வாங்கி அனுப்பும். எக்ஸ்1ல் போனால் இறங்கிய 30 நாளுக்குள் அங்கே குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஹோட்டலில் தங்காமல் தனி வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் உள்ளூர்ப் போலீஸில் பதிவு. இதெல்லாம் ஒன்றும் பயப்பட வேண்டிய விஷயம் இல்லை. எனக்கு இடித்தது வேறு. சென்னையில் சீனத் துணைத் தூதரகம் கிடையாது. மும்பையிலும் கொல்கத்தாவிலும் இருக்கிறது, ஆனால் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு டெல்லிதான். ஒரு தாள் குறைந்தால் மறுபடி டெல்லி. அப்புறம் 2020ல் நிறுத்திய மாணவர் விசாவை 2022 ஆகஸ்டில்தான் மறுபடி கொடுக்கத் தொடங்கினார்கள். நேரடி விமானம் திரும்ப 2025 அக்டோபர் ஆனது. அந்த இடைவெளியில் படிப்பு நடுவில் நின்று, வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் வகுப்பு பார்த்தவர்கள் எத்தனையோ பேர். அந்த நினைப்பு எனக்குப் போகவில்லை.

தைவான் பக்கம் என்னை இழுத்தது எழுத்து. சீனாவில் எளிமையாக்கிய எழுத்து, தைவானில் பழைய முழு எழுத்து. எனக்கு வரும் லைன் செய்திகள் எல்லாம் பழைய எழுத்தில்தான். சீனாவில் படித்துவிட்டு வந்தால் பாதியைத் தடவித்தான் படிக்க வேண்டும். உச்சரிப்புக்கு அங்கே 37 குறிகள் கொண்ட தனி எழுத்துமுறையையே வைத்திருக்கிறார்கள். அது கூடுதல் சுமைதான், அதை மறைக்கவில்லை. ஆனால் நான் போவது யாரோடு பேச, யாருடைய கணக்கைப் படிக்க என்பது தெளிவாக இருந்ததால் முடிவெடுக்க நேரமாகவில்லை. போதாக்குறைக்குத் தைவான் அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. இந்தியாவுக்கும் தைவானுக்கும் முறையான தூதரக உறவு இல்லாததால் 'தைபே பொருளாதார, பண்பாட்டு மையம்' என்ற பெயரில் நடக்கிறது. 2012லிருந்து சென்னையில் உண்டு, விசா வேலையும் அவர்களே பார்க்கிறார்கள். காரைக்குடியிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒன்று: விடிகாலைப் பல்லவனை நம்பாதீர்கள். எழும்பூரில் இறங்கும்போது மதியம் ஆகிவிடும். முதல் நாள் இரவே போய்விடுவது நல்லது.

பள்ளிக்கூடம் தேடும்போது ஒரு விஷயம் பாருங்கள். விசாவுக்காகப் போகிறவர்கள் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த, அங்கே கல்வி அமைச்சகம் ஒப்புக்கொண்ட மொழி மையத்தில் சேர வேண்டும். வாரத்துக்குக் குறைந்தது 15 மணி நேரம் படிப்பு இருக்க வேண்டும். தெரு முனையில் இருக்கும் டியூஷன் சென்டரின் கடிதத்துக்கு விசா கிடைக்காது. நான் எடுத்தது தைபேயில் தேசியத் தைவான் நார்மல் பல்கலைக்கழகத்தின் மாண்டரின் பயிற்சி மையம். 1956லிருந்து வெளிநாட்டுக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தினம் இரண்டு மணி நேர வகுப்பும் உண்டு, மூன்று மணி நேர வகுப்பும் உண்டு. மூன்று மணி நேரம் என்றால் ஐந்து நாளில் 15 மணி வந்துவிடும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நான் அதையே எடுத்தேன். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று வருடத்துக்கு நாலு பருவம்.

இனி தாள்கள்.

எங்கள் வீட்டு விலாசம் ராம.சுப. எங்கள் பக்கம் விலாசம் என்றால் முகவரி இல்லை, குடும்பத்துக்கான இனிஷியல். அது பள்ளிக்கூடச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் ஆர்எம் எஸ்பி என்று இருக்கும். ஆதாரில் பெயருக்கு முன்னால். வங்கியில் ஆர், எம், எஸ், பி என்று நாலும் தனித்தனியாக, நாலு ஊர்க்காரர்கள் மாதிரி இடைவெளி விட்டு நிற்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட விட மாட்டார்கள் என்பதால் அங்கே அப்பச்சியின், அதாவது அப்பாவின், முழுப்பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆக, நான் ஒருத்தி, தாளில் நாலு பேர். உள்ளூரில் இதை யாரும் கண்டுகொள்வதில்லை. விலாசத்தைச் சொன்னால் எந்தத் தெரு, எந்த வீடு, எந்தக் கோயில் என்பதுவரை சொல்லிவிடுவார்கள். ஆனால் தைபேயில் உட்கார்ந்து விண்ணப்பம் பார்க்கிறவருக்கு ராம.சுப. என்றால் என்ன தெரியும்?

இதற்கு நான் செய்தது: எல்லாவற்றுக்கும் பாஸ்போர்ட்டையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். மொழி மையத்துக்கு விண்ணப்பம் போடும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து. வங்கியில் பெயரைப் பாஸ்போர்ட்டின்படி மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். பட்டச் சான்றிதழை மாற்ற முடியாது, அதற்கு மட்டும் 'இந்த இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கும்' என்று நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட். இதில் வரிசை முக்கியம். சேர்க்கைக் கடிதம் வந்தபிறகு பெயரைத் திருத்தினால் கடிதத்தையும் திருத்தி வாங்க வேண்டும், அதற்குள் பருவமே தொடங்கிவிடும். நம் பக்கத்து ஆட்கள் வேறு எதைச் செய்கிறீர்களோ இல்லையோ, இதை முதலில் செய்யுங்கள்.

வங்கிக் கணக்கு விஷயத்தில் கணக்குப் பிரிவு ஆள் என்ற முறையில் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் கணக்கு காரைக்குடி இந்தியன் ஓவர்சீஸ் வங்கியில். 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, இரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் கதவைத் திறந்த வங்கி அது. எங்கள் வீட்டில் வேறு வங்கி என்றால் ஏதோ வேற்று மதத்துக்கு மாறியதுபோல் பார்ப்பார்கள். அங்கே ஆறு மாத ஸ்டேட்மென்ட்டும் இருப்புச் சான்றும் வாங்கினேன். நம்மவர்கள் நிறையப் பேர் இருப்புத் தொகை பெரிதாக இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். பார்க்கிறவர்கள் கடைசி வரியை மட்டும் பார்ப்பதில்லை. சம்பளம் மாதாமாதம் வருகிறதா, செலவு போக மிஞ்சுகிறதா, நடுவில் திடீரென்று ஒரு பெரிய தொகை எங்கிருந்து வந்தது என்று பார்க்கிறார்கள். எனக்கு அப்பச்சி ஒரு வைப்புத்தொகையை முடித்துப் பணத்தைப் போட்டிருந்தார். சென்னையில் கவுண்டரில் இருந்தவர் பக்கத்தை வேகமாகப் புரட்டிக்கொண்டே வந்தார். சரியாக அந்த வரியில் பேனா மூடியை வைத்து நிறுத்தினார், ஒன்றும் பேசவில்லை, என்னை நிமிர்ந்து பார்த்தார். வைப்புத்தொகை முடித்த ரசீதையும் அப்பச்சியின் ஸ்பான்சர் கடிதத்தையும் நீட்டினேன். இரண்டு தாளிலும் தொகை, தேதி, கணக்கு எண் மூன்றையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். அப்புறம் பேனா மூடி நகர்ந்தது. ஆடிட்டர் முன்னால் உட்கார்ந்தபோதுகூட எனக்கு அப்படி வியர்த்ததில்லை.

கல்விக் கட்டணம் அனுப்ப வங்கியில் ஏ2 என்ற, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் படிவம் கேட்பார்கள், சேர்க்கைக் கடிதத்தையும் கட்டண விவரத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து வருடத்துக்கு 10 லட்சம் ரூபாய்வரை அனுப்பினால் டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரிப் பிடித்தம் இல்லை. மொழி வகுப்புக்குப் போகிற எவருக்கும் அந்த வரம்பைத் தொட வேண்டியிருக்காது. ஒரு தைவான் டாலர் நம் ரூபாய் மூன்றுக்குச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் சரியாக வரும்.

போட்டோ 3.5க்கு 4.5 சென்டிமீட்டர், வெள்ளைப் பின்னணி, ஆறு மாதத்துக்குள் எடுத்தது. அளவு பிரச்சினை இல்லை, ஸ்டூடியோக்காரரின் அன்புதான் பிரச்சினை. எடுத்து முடித்ததும் கம்ப்யூட்டரில் என் முகத்தை வெளுக்க ஆரம்பித்தார். "அண்ணே, ஒண்ணும் பண்ணாதீங்க, இது விசாவுக்கு" என்றேன். "சும்மா லேசாத்தான் ஆச்சி" என்று கன்னத்திலிருந்த மருவை ஒரு சொடுக்கில் எடுத்துவிட்டார். திரும்ப அதை ஒட்ட வைக்க நான் பக்கத்திலேயே நிற்க வேண்டியதாயிற்று. பாஸ்போர்ட்டில் இருக்கும் மரு விசாவில் இல்லாமல் போனால் விமான நிலையத்தில் அவரா வந்து பதில் சொல்வார்?

ஏஜெண்டுகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். திருச்சியில் ஒரு கன்சல்டன்சியில் போய்க் கேட்டேன், பெயர் வேண்டாம். மொத்தமாக ஒரு தொகை சொன்னார்கள், அது என் ஒரு பருவக் கட்டணத்துக்கு ரொம்பத் தூரமில்லை. "டூரிஸ்ட்டா போயிருங்க மேடம், அங்க போய் மாத்திக்கலாம்" என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன். படிக்கப் போகிறவர் படிப்புக்கென்று விசா வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொல்லி உள்ளே போனால் அந்த அனுமதியை நீட்டிக்கக் கேட்கும் இடத்திலேயே மாட்டிக்கொள்வோம். விண்ணப்பமோ இணையத்தில் நாமே நிரப்பக்கூடியது. நிரப்பி, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, போட்டோ ஒட்டி, தாள்களோடு கொண்டுபோய்க் கொடுப்பது. ஒரு முறை நுழைவுக்கான கட்டணம் 50 அமெரிக்க டாலருக்கு இணையான தொகை. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக இருக்க வேண்டும். இதற்கு ஏஜெண்ட் எதற்கு?

ஏஜெண்ட் செய்ய முடியாத ஒரே வேலை படிப்புத் திட்டம் எழுதுவது. செய்தால் எல்லாருக்கும் ஒன்றையே எழுதிக் கொடுப்பார்கள். மொத்த விண்ணப்பத்திலும் நாம் யார் என்று நாமே சொல்லும் தாள் அது ஒன்றுதான். என் முதல் வரைவை அப்பச்சியிடம் படித்துக் காட்டினேன். அவருக்குச் சீனமும் தெரியாது, விசாவும் தெரியாது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்: "எல்லாம் சரி, திரும்பி வந்து என்ன பண்ணப்போறேன்னு எங்கே எழுதியிருக்கே? கடன் கேக்க வர்றவன் எப்பத் திருப்பித் தருவேன்னு சொல்லாம பேசிக்கிட்டே இருந்தா நாம குடுப்பமா?"

அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு முழுவதையும் மாற்றி எழுதினேன். என்ன வேலை பார்க்கிறேன், அதில் எந்த இடத்தில் மொழி தடுக்கிறது என்று ஒரு டெபிட் நோட் கதையோடு ஆரம்பம். ஏன் பழைய எழுத்து, ஏன் இந்த மையம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆறு மாத முடிவில் டாக்ஃபில் என்ற அங்கத்திய சீன மொழித் தேர்வில் ஏ2 என்ற தொடக்க நிலை எழுதுவேன் என்ற இலக்கு. பணம் யார் கொடுக்கிறார்கள். கடைசியாக, கம்பெனி எனக்கு ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்புக் கொடுத்திருக்கிறது, மார்ச்சில் அதே நாற்காலிக்குத் திரும்புகிறேன் என்று, கூடவே கம்பெனிக் கடிதம். ஒரு பக்கத்துக்குமேல் போகவில்லை. கவுண்டரில் என்னிடம் கேட்ட கேள்விகளும் இதையொட்டியே இருந்தன. முடித்துவிட்டு என்ன செய்வாய் என்றுதான் முதலில் கேட்டார்கள். இதுவரை எவ்வளவு சீனம் தெரியும் என்றும் கேட்டார்கள். ஆலையில் பொறுக்கிய நாலு வாக்கியத்தைச் சொன்னேன். அதில் ஒன்று 'சரக்கு இன்னும் வரவில்லை'. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டில் இந்த வேலையெல்லாம் நடக்கும்போது அப்பத்தா வளவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் தாள்களை முகப்பில் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தேன். "உங்க பாட்டையா இரங்கூனுக்குக் கப்பல் ஏறுனப்ப இம்புட்டுத் தாளா கேட்டாக?" என்றார். கேட்டிருக்க மாட்டார்கள்தான். 1937 ஏப்ரல்வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் ஒரு மாகாணம். இரங்கூன் போவது வேறு நாட்டுக்குப் போவதாகவே கணக்கில்லை. அங்கே மொகல் தெருவில் நம் நகரத்தார் கடைகள் வரிசையாக இருந்த காலம். பாட்டையா அங்கே பர்மியப் பேச்சைப் பள்ளிக்கூடம் போயா படித்தார், கடையில் பெட்டியடியில், அதாவது பணப்பெட்டி பக்கத்தில், உட்கார்ந்தே படித்தார். அதை நான் அப்பத்தாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. "அப்ப நீயும் ஒரகடத்துலயே உக்காந்து படிக்க வேண்டியதுதானே" என்று பிடித்துக்கொண்டார். பதில் இல்லை என்னிடம்.

உதவித்தொகை கேட்டவர்களுக்கு: தைவான் கல்வி அமைச்சகத்தின் ஹுவாயூ உதவித்தொகை உண்டு, மொழி மட்டும் படிக்கப் போகிறவர்களுக்கென்றே. விண்ணப்பம் வழக்கமாகப் பிப்ரவரி 1லிருந்து மார்ச் 31வரை, அதே சென்னை அலுவலகம் வழியாக. நான் முடிவெடுத்தபோது அந்தக் காலம் தாண்டிவிட்டதால் சொந்தக் காசு. உங்களுக்கு நேரம் இருந்தால் அதைப் பாருங்கள்.

விசா கைக்கு வந்ததும் எல்லாரும் செய்வது போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பது. அதற்கு முன்னால் ஒட்டியிருப்பதைப் படியுங்கள். எந்தத் தேதிக்குள் நுழைய வேண்டும், நுழைந்தபின் எத்தனை நாள் தங்கலாம், நீட்டிப்பு இல்லை என்ற குறிப்பு ஏதும் இருக்கிறதா என்ற மூன்றும் அதில் இருக்கும். எனக்கு 90 நாள், குறிப்பு இல்லை. ஆகவே நாள் முடியும் முன் அங்கே குடிவரவு அலுவலகத்தில் நீட்டிக்கலாம், மொத்தம் 180 நாள்வரை. அதற்கு வருகைப் பதிவேட்டைக் கேட்பார்கள். வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு ஊர் சுற்றினால் நீட்டிப்பு கிடைக்காது. அதற்கும் மேலே தங்கிப் படிக்க நினைப்பவர்கள் நாலு மாதம் படித்து முடித்து, அடுத்த மூன்று மாதத்துக்கும் பதிவு செய்திருந்தால் குடியிருப்பு விசாவுக்கு மாறக் கேட்கலாம், அதற்கு மருத்துவப் பரிசோதனை தனி. எனக்கு அது தேவைப்படாது.

எனக்கு நெருக்கடி அந்த 180ல்தான். செப்டம்பர்ப் பருவமும் டிசம்பர்ப் பருவமும் சேர்ந்து பிப்ரவரிக் கடைசிவரை ஓடும். இறங்கிய மறுநாளிலிருந்து எண்ணிக்கை தொடங்கிவிடும். ஆகஸ்டிலேயே போய் இறங்கினால் கடைசி வாரத் தேர்வுக்கு நாள் பற்றாது. ஆகவே செப்டம்பர் பிறந்தபின்தான் இறங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வழியாக டிக்கெட் எடுத்துவிட்டேன். ஆத்தா பஞ்சாங்கத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அன்றைக்குக் கிளம்பவே கூடாது, ஆகஸ்டில் ஒரு நல்ல நாள் இருக்கிறது, அன்றைக்குத்தான் போக வேண்டும் என்று நின்றார். குடிவரவு அலுவலகத்திடம் ராகுகாலம் சொல்லி ஒரு வாரம் கூடுதலாகக் கேட்க முடியுமா? ரெண்டு நாள் இழுபறிக்குப்பின் பரஸ்தானம் வைப்பதாக, அதாவது நல்ல நாளில் பெட்டியை மட்டும் முன்னால் கிளப்பிவிடுவதாக முடிவானது. ஆத்தா சொன்ன நாளில், சொன்ன நேரத்தில், என் பெட்டிகளில் ஒன்று அடுத்த தெருவில் அம்மான் வீட்டுக்குப் போய்விடும். அதில் சேர்க்கைக் கடிதத்தை மட்டும் வைக்கக் கூடாது என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.